பெரட்டுக்கு வராத நோய்

(பாலையூற்றில் நடந்த தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் நிகழ்த்திய பேச்சு)



நேற்று இராத்திரி மலையில் பஸ் ஏறி, விடியும்போது திருகோணமலைக் காற்றில் கண் விழித்திருக்கிறோம். நம்ம பிள்ளைகளில் பாதிப்பேர் கடலை இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். காலையில் கரையில் நின்று அவர்கள் போட்ட சத்தத்தைக் கேட்டு நமக்கே சிரிப்பு வந்தது. பாலையூற்றுச் சனம் நமக்குச் சோறாக்கிப் போட்டு, படுக்கப் பாயும் கொடுத்திருக்கிறார்கள். 1977-இலும் 1983-இலும் அடிபட்டு மலையை விட்டு இறங்கி, வடக்கிலும் கிழக்கிலும் வந்து குடியேறிய நம்மவர்களின் பிள்ளைகளும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நம்முடைய விசேஷ வணக்கம்.

இன்றைக்கு நாங்கள் பேச வந்த விஷயம் சேமிப்பைப் பற்றி. அதற்கான கடதாசி பையில் அப்படியே இருக்கிறது. இராத்திரி பஸ்ஸில் ஒரு பையன் கேட்ட கேள்வி அதை மாற்றிவிட்டது. கொழும்பில் கடையில் வேலை செய்கிற பிள்ளை, விடுமுறைக்கு வந்திருக்கிறான். கையில் இருந்த போனைக் காட்டினான். வெளிநாட்டில் ஏதோ ஒரு நகரம், றோட்டு நிறையச் சனம், ஒருவர் முகத்திலும் கவசம் இல்லை. "ஐயா, கொரோனா நேரம் ஊரைப் பூட்டினதுக்கு அங்க சனம் இப்பிடி எதிர்த்து நின்னிருக்கு. நாம மட்டும் ஏன் வாயை மூடிக்கிட்டு இருந்தோம்?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. ஆனால் நாம் வாயை மூடிக்கொண்டு இருந்தோம் என்பது சரியில்லை. நம்ம ஆட்கள் கேட்டதும் நின்றதும் அந்தப் போனில் வரவில்லை, அவ்வளவுதான். அதை இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வந்திருக்கிறோம். சொல்லும்போது எங்களுடைய குற்றமும் அதில் வரும். மறைக்கப் போவதில்லை.

முதலில் ஒரு பழைய கதை. நோய்க்காக மனிதரைப் பூட்டி வைப்பது நம்ம பரம்பரைக்குப் புதிது இல்லை. நம்ம பாட்டன் பூட்டன்மார் இந்த நாட்டுக்கு வந்தபோது, கரையில் கால் வைக்க முன்னரே முகாமில் அடைக்கப்பட்டார்கள். இராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் முகாம் என்று கேட்டிருப்பீர்கள். 1983-க்குப் பிறகு நம் அகதிகளைப் பதிந்து தங்கவைத்த அதே மண்டபம்தான். அதற்கு வெகு காலத்துக்கு முன்பு அது இலங்கை அரசாங்கம் நடத்திய தனிமைப்படுத்தல் முகாம். தோட்டத்துக்கு வருகிற கூலிச்சனத்தை அங்கே நிறுத்தி, அம்மைப்பால் குத்தி, பிளேக்கும் வாந்திபேதியும் இல்லை என்று பார்த்த பிறகுதான் தனுஷ்கோடிக்கு அனுப்பிக் கப்பல் ஏற்றுவார்கள். தூத்துக்குடிப் பக்கம் தட்டப்பாறையிலும் ஒரு முகாம் இருந்தது. முதலாம் வகுப்பில் வருகிற துரைமாருக்கு இந்த அடைப்பு இல்லை. நோய்க்கு வகுப்புத் தெரியாது, சட்டத்துக்குத் தெரிந்திருந்தது.

அந்தச் சட்டத்தின் வயதையும் சொல்லிவிடுகிறோம். 2020-ஆம் ஆண்டு நம்மை வீட்டுக்குள் இரு, கூட்டம் கூடாதே என்று சொன்னது 1897-ஆம் ஆண்டின் 3-ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல், நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். 2020 ஒக்டோபரில் அதன் கீழ்ப் புதிய விதிகளைப் போட்டார்கள். முகக்கவசம் போடாவிட்டால், தள்ளி நிற்காவிட்டால் 10,000 ரூபா வரைக்கும் தண்டம், ஆறு மாதம் வரைக்கும் மறியல். இந்தச் சட்டம் பிறந்த அதே 1897-இல் இந்தியாவில் பூனா நகரத்தில் பிளேக் நோய். பட்டாளத்துக்காரர் வீடு வீடாகப் புகுந்து, சாமி அறை அடுப்படி என்று பாராமல் சோதனை போட்டு, பொம்பிளை ஆட்களையும் வெளியே இழுத்து நிறுத்தினார்கள். சனம் கொதித்தது. பிளேக் வேலைக்குப் பொறுப்பாக இருந்த ராண்ட் துரையை ஜூன் 22-ஆம் திகதி இரவு சப்பேகர் சகோதரர்கள் சுட்டார்கள். சுட்டது சரி என்று நாங்கள் சொல்ல வரவில்லை. நோயைத் தடுக்கிறவன் மனிதரை மனிதராக நடத்தாவிட்டால் சனம் மருந்தையும் நம்பாது, டாக்டரையும் நம்பாது என்பதற்காகச் சொல்கிறோம்.

இனி நம் காலத்துக்கு வருவோம்.

இலங்கையில் உள்ளூர்வாசி ஒருவருக்கு கொவிட் நோய் இருப்பது முதலில் தெரிந்தது 2020 மார்ச் 11. மார்ச் 20-ஆம் திகதி பின்னேரம் ஆறு மணிக்கு நாடு முழுக்க ஊரடங்கு. அன்றைக்கு அது வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை திறந்துவிடும் என்று நினைத்தோம். கொழும்பில் அது தளர மே கடைசியானது. ஊரடங்கை மீறினார்கள் என்று நாடு முழுக்கப் பிடிக்கப்பட்டவர்கள் 60,000 பேருக்கும் மேல்.

ஆனால் தோட்டத்தில் என்ன நடந்தது? உங்களுக்குத் தெரியும், இங்கே இருக்கிற திருகோணமலைப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம். விவசாயமும் தோட்ட வேலையும் நடக்கலாம் என்று அரசாங்கம் அனுமதி கொடுத்தது. ஆகவே நாடு படுத்துக் கிடந்தது, நம்ம தப்படிக்கும் சங்குக்கும் ஓய்வில்லை. காலையில் பெரட்டு, பிறகு மலை, மத்தியானம் நிறுவை, பின்னேரம் நிறுவை. மலைக்குப் போகப் பாஸ் தேவையில்லை. டவுனுக்குப் போய் அரிசி, மா, பிள்ளைக்குப் பால்மா வாங்கப் பாஸ் வேணும். கொழுந்து லொறி ஸ்டோருக்குப் போகும், தேத்தூள் லொறி கொழும்புக்குப் போகும், காய்ச்சல்காரப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மட்டும் வாகனம் இல்லை.

கொழும்புத் தேயிலை ஏலம் 1883-இல் தொடங்கியது. அன்றிலிருந்து ஆட்கள் ஒரு மண்டபத்தில் கூடிச் சத்தம் போட்டு விலை கேட்டு நடத்தியது. 2020 ஏப்ரலில் அதைக் கூடக் கம்பியூட்டரில், அவரவர் இருந்த இடத்தில் இருந்து நடத்தினார்கள். நல்ல காரியம், குறை சொல்லவில்லை. விற்கிறவரும் வாங்குகிறவரும் வீட்டில் இருந்தே வேலை செய்யலாம் என்று ஆனது. கொழுந்தை மட்டும் யாராலும் வீட்டில் இருந்து எடுக்க ஏலாது.

நாங்கள் நலன்புரி உத்தியோகத்தர்கள் என்ன செய்தோம்? லயத்துக்கு லயம் போய் நோட்டீஸ் ஒட்டினோம். ஒரு மீற்றர் தள்ளி நில், கை கழுவு, வெளியாட்களைச் சேர்க்காதே. பத்தடிக்குப் பன்னிரண்டு அடி காம்பிராவில் ஏழு பேர், எட்டுப் பேர் படுக்கிற இடத்தில் ஒரு மீற்றர் எங்கே இருக்கிறது என்று ஒரு கிழவர் கேட்டார். பகிடியாகக் கேட்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டு அடுத்த லயத்துக்குப் போனோம். அது பகிடி இல்லை என்று விளங்க ஒரு மாதம் எடுத்தது.

ஏப்ரல் மாதம் நடந்ததைச் சொல்கிறோம். எந்தத் தோட்டம் என்று சொல்லத் தேவையில்லை. மேல் கணக்கில் கொழுந்து நிறுக்கிற இடத்தில் தண்ணிப் பீலி வறண்டு பத்து நாள். சவுக்காரம் முதல் வாரம் கொடுத்ததோடு சரி. ஒரு நாள் மத்தியான நிறுவை முடிந்து பொம்பிளை ஆட்கள் மலைக்கு ஏறவில்லை. நாற்பது பேருக்கு மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். "கை கழுவத் தண்ணியும் சவுக்காரமும் வரட்டும், நாங்க மலைக்குப் போறோம்" என்பதுதான் பேச்சு. வேறு ஒன்றும் கேட்கவில்லை. சம்பளம் கூடக் கேட்கவில்லை.

எங்களுக்கு ஆள் வந்தது. நாங்களும் ஒரு கிளார்க்கும் ஓடினோம். கையில் அந்த நோட்டீஸ். "கூட்டம் கூடுறது சட்டப்படி குற்றம். தனிமைப்படுத்தல் சட்டம் இருக்கு. பொலிஸ் வந்தா எங்களால ஒண்டும் செய்ய ஏலாது. எழும்பிப் போங்க" என்று சொன்னோம். கொஞ்சம் சத்தமாகவே சொன்னோம் என்று ஞாபகம்.

ஒரு பெரியம்மா எழும்பினார். கோபமே இல்லை. "ஐயா, காலையில பெரட்டுல நூறு பேரு நிக்கிறோம். அப்ப வராத நோய், சவுக்காரம் கேக்க நாப்பது பேரு ஒக்காந்தா மட்டும் வந்துருமா?" என்றார்.

எங்களிடம் பதில் இல்லை. அப்போதுதான் அவர்கள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தோம். ஒவ்வொருவரும் தன் கூடையை முன்னால் வைத்து, படங்கை விரித்து, ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். கொங்காணித் துண்டால் வாயையும் மூக்கையும் கட்டியிருந்தார்கள். நாங்கள் ஒட்டிய நோட்டீஸை அந்தத் தோட்டத்தில் சரியாகக் கடைப்பிடித்த ஒரே கூட்டம் அதுதான். பெரட்டுக்களத்தில் அந்த ஒழுங்கு ஒரு நாளும் இருந்ததில்லை. அங்கே நாங்கள் ஒரு நாளும் போய்ச் சட்டம் பேசியதும் இல்லை.

பஸ்ஸில் கேட்ட தம்பிக்கு இதுதான் முதல் பதில். கட்டளையை எதிர்ப்பது ஒன்று, கட்டளை மறந்துபோனதைக் கேட்பது இன்னொன்று. வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஆட்கள் கூடி நிற்பதுபோலத்தான் தெரியும். போனில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

அந்த வெளிநாட்டுப் படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் 2020 ஏப்ரல் 15-ஆம் திகதி காரில் வந்து தலைநகர வீதிகளை அடைத்தார்கள். ஏப்ரல் 30-ஆம் திகதி சிலர் துவக்கும் கையுமாகச் சட்டசபைக் கட்டடத்துக்குள்ளேயே போனார்கள். ஜேர்மனியில் பெர்லின் நகரத்தில் ஓகஸ்ட் 29 பல்லாயிரம் பேர் கூடி, ஒரு கூட்டம் பாராளுமன்றப் படிக்கட்டு வரைக்கும் ஏறியது. அந்தச் சனத்திலும் கடை பூட்டிக் கடனில் விழுந்தவர்கள், வேலை போனவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய வயிற்றெரிச்சல் பொய் இல்லை. ஆனால் நோயே இல்லை, எல்லாம் ஏமாற்று என்று சத்தம் போட்டவர்களும் கூட நின்றார்கள். அவர்களோடு நமக்குச் சம்மதமில்லை. இலங்கையில் மட்டும் இந்த நோயில் போன உயிர் 16,000-க்கும் மேல். சவப்பெட்டியைத் திறந்து முகம் பார்க்காமல் அனுப்பிய வீடுகள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கின்றன. அவர்கள் முன்னால் நின்று இல்லாத நோய் என்று யார் சொல்வார்?

இந்தியாவில் நடந்தது வேறு மாதிரி. 2020 மார்ச் 24-ஆம் திகதி இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார், நடுச்சாமம் பன்னிரண்டுக்கு நாடு முழுக்கப் பூட்டு. நாலு மணித்தியாலம்! பிழைக்கப் போன ஊரில் கோடிக்கணக்கான கூலியாட்கள். வேலை இல்லை, வாடகைக்குக் காசு இல்லை, ஊருக்குப் போக றெயில் இல்லை. ஏப்ரல் 10-ஆம் திகதி சூரத் நகரத்தில் தறி ஆலைத் தொழிலாளர்கள் றோட்டுக்கு வந்து, சம்பளத்தைக் கொடு, ஊருக்கு அனுப்பு என்று கேட்டார்கள். 14-ஆம் திகதி பூட்டை நீட்டியதும் பம்பாயில் பாந்திரா றெயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பெருங்கூட்டம். பொலிஸ் தடியடி போட்டுக் கலைத்தது. நடந்தே போனவர்களில் 16 பேர் மே 8-ஆம் திகதி விடியப்புறம் ஔரங்காபாத் பக்கம் றெயில் பாதையில் அசந்து தூங்கும்போது சரக்கு றெயில் ஏறிச் செத்தார்கள். றெயிலே ஓடாது என்று நம்பித்தான் படுத்திருப்பார்கள் போலும். நம்ம பாட்டன்மாரும் ஊரை விட்டு நடந்து வந்த சனம்தானே, அந்தச் செய்தி வந்த அன்றைக்கு லயத்தில் வானொலியைச் சுற்றி நின்றவர்கள் ஒருவரும் பேசவில்லை.

தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், அவர் மகன் பென்னிக்ஸ். போன் கடை வைத்திருந்தவர்கள். ஊரடங்கு நேரத்துக்கு மேல் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று 2020 ஜூன் 19-ஆம் திகதி பொலிஸ் பிடித்தது. 22-ஆம் திகதி மகன், 23-ஆம் திகதி தகப்பன், இரண்டு பேரும் செத்துப்போனார்கள். தமிழ்நாடு முழுக்கக் கடைக்காரர் கதவடைத்தார்கள். மத்திய புலனாய்வுத் துறை பொலிஸ்காரர்கள் மேல் கொலை வழக்குத் தொடர்ந்தது. கடையைப் பூட்டச் சொன்ன சட்டத்தின் பேரில் செய்ததை, கடையைப் பூட்டித்தான் சனம் எதிர்த்தது.

நம் நாட்டில் பெரிய காயம் வேறு இடத்தில் பட்டது. கொவிட்டில் செத்தவர் எந்த மதமானாலும் எரிக்கத்தான் வேண்டும் என்று 2020 ஏப்ரல் 11-ஆம் திகதி வர்த்தமானி போட்டார்கள். புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. இங்கே கேட்கவில்லை. உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். டிசெம்பர் 1-ஆம் திகதி மனுக்கள் தள்ளுபடி. அந்த மாதம் பிறந்து இருபதே நாளான ஒரு முஸ்லிம் குழந்தையை எரித்தார்கள். அதற்குப் பிறகு நடந்த போராட்டம் எப்படிப்பட்டது தெரியுமா? கூட்டம் கூடவில்லை, கல் எறியவில்லை. ஆட்கள் தனித்தனியாக வந்து பொரளைச் சுடலையின் கம்பி வேலியில் வெள்ளைத் துணித் துண்டைக் கட்டிவிட்டுப் போனார்கள். கபன் துணி. முஸ்லிம் ஆட்கள் மட்டும் இல்லை, சிங்களவர், தமிழர், கிறிஸ்தவ குருமாரும் கட்டினார்கள். இராத்திரியோடு இராத்திரியாக அவிழ்த்துப் போட்டார்கள், அடுத்த நாள் வேறு ஆட்கள் வேறு வேறு ஊர்களில் கட்டினார்கள். 2021 பெப்ரவரி கடைசியில் கட்டளை மாறியது. அதற்குள் எரித்தது 276 முஸ்லிம் உடல்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

அத்தோடு முடிந்திருந்தால் கதை நேராக இருந்திருக்கும். புதைக்கலாம் என்ற பிறகு எங்கே புதைப்பது என்று வந்தது. இரணைதீவில் என்றார்கள். அங்கே இருக்கிறவர்கள் பல வருஷம் போராடித் தங்கள் தீவுக்குத் திரும்பிய ஏழை மீனவக் குடும்பங்கள். எங்களிடம் கேட்காமல் ஏன் எங்கள் தீவு என்று அவர்களும் கறுப்புக் கொடி பிடித்தார்கள். கடைசியில் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் இடம் கொடுத்தார்கள், 2021 மார்ச் 5-ஆம் திகதி முதல் அடக்கம். ஓர் ஏழைச் சனத்தின் கேள்வியை இன்னோர் ஏழைச் சனத்தின் வாசலில் கொண்டுபோய் வைப்பது மேலே இருப்பவர்களுக்குச் சுலபம். அதில் நமக்கும் பங்கு உண்டு.

அதைத்தான் இப்போது சொல்லப்போகிறோம், சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. 2020 ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் இருந்து இரண்டாம் அலை. கொழும்பில் வேலை செய்த நம்ம பிள்ளைகள் மூட்டையைக் கட்டிக்கொண்டு மலைக்கு வந்தார்கள். ஒரு லயத்தில் பாதைக்குக் குறுக்கே மூங்கிலைக் கட்டி, சொந்தக்காரரே நின்று, "உள்ள வராத" என்றார்கள். அதுவும் ஒரு போராட்டம்தானே, ஆட்கள் கூடி நின்றது. பத்தொன்பது வயதுப் பையன். பழைய பிள்ளை மடுவத்தில் கதவில்லாத அறையில் தனியாகப் பதினாலு நாள். அவன் தாய் சோற்றைத் தூரத்தில் வைத்துவிட்டுத் திரும்பும்போது அழுவதை நாங்கள் பார்த்தோம். மூங்கில் கட்டியவர்களைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. எட்டுப் பேர் படுக்கிற காம்பிராவில் நோய் வந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பையனை ஓர் இரவாவது போய்ப் பார்த்துப் பேசியிருக்கலாம். நாங்கள் போகவில்லை. பயம்தான், வேறு காரணம் இல்லை.

இப்போது இந்தத் திருகோணமலைக்கு வருவோம். 2021 பெப்ரவரி 3-ஆம் திகதி பொத்துவிலில் இருந்து ஒரு நடைபயணம் புறப்பட்டது. பொத்துவில் முதல் பொலிகண்டி வரை என்று பேர். போகக் கூடாது என்று பல ஊர் நீதிமன்றங்களில் பொலிஸ் தடை உத்தரவு எடுத்தது. காரணம் கொவிட், தனிமைப்படுத்தல் சட்டம். ஆனாலும் நடந்தார்கள். மட்டக்களப்பு தாண்டி, இந்தத் திருகோணமலை வழியாக முல்லைத்தீவு, கிளிநொச்சி என்று போய் 7-ஆம் திகதி பொலிகண்டியில் முடித்தார்கள். வழியில் வாகன ரயரைப் பஞ்சராக்க றோட்டில் ஆணி போட்டிருந்தார்கள். அவர்களுடைய கோரிக்கைகளில் காணி, காணாமல் போனவர்கள், சிறையில் இருப்பவர்கள், முஸ்லிம் சனத்தின் உடல்களை எரிக்காதே என்பதோடு இன்னொன்றும் இருந்தது. மலையகத் தோட்டத் தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு 1,000 ரூபா.

அது நம்முடைய கோரிக்கை. கடற்கரைச் சனம், தேயிலைச் செடியைத் தொட்டிராத சனம், நம்ம சம்பளத்தைத் தங்கள் பதாகையில் எழுதிக்கொண்டு நடந்தது. அதே பெப்ரவரி 5-ஆம் திகதி மலையகத்தில் வேலை நிறுத்தம். கடைகள் பூட்டு, மலையில் ஆளில்லை. பிறகு சம்பளச் சபையில் முடிவாகி, மார்ச் 5-ஆம் திகதி வர்த்தமானி வந்தது. 900 அடிப்படை, 100 கொடுப்பனவு. அந்த நடையால்தான் வந்தது என்று சொன்னால் அது மிகை, சங்கங்கள் பல வருஷம் கேட்டது. ஆனால் நடக்காதே என்று சொன்ன உத்தரவுக்கு அன்றைக்கு அவர்கள் பயந்து வீட்டில் இருந்திருந்தால், நம்ம பேரைக் கிழக்கில் யார் சொல்லியிருப்பார்? நேற்று இராத்திரி நமக்குச் சோறு போட்டவர்களில் அந்தக் கூட்டத்தில் நடந்தவர்களும் இருக்கிறார்களாம். காலையில்தான் தெரிந்தது. கையைப் பிடித்துக்கொண்டோம், அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

அந்த வருஷம் ஜூலையில் சுகாதாரத் துறையின் கடிதம் ஒன்றைக் காட்டிப் போராட்டம், ஊர்வலம் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். ஜூலை 8-ஆம் திகதி, இராணுவத்தின் கொத்தலாவலப் பல்கலைக்கழகச் சட்டமூலத்தை எதிர்த்துப் பாராளுமன்றத்துக்குப் பக்கத்தில் நின்ற ஆசிரியர் சங்கப் பொதுச் செயலாளர் ஜோசப் ஸ்டாலினையும் மற்றவர்களையும் பிடித்தார்கள். நீதிமன்றம் பிணை கொடுத்தது. வெளியே வந்தவர்களை வீட்டுக்கு விடாமல் தனிமைப்படுத்தல் என்று சொல்லி முல்லைத்தீவு விமானப்படை முகாமுக்கு ஏற்றினார்கள். நோய் இருந்ததால் இல்லை. நீதவான் திறந்த கதவைச் சுகாதாரத்தின் பேரால் பூட்டினார்கள். நாங்கள் நோட்டீஸ் கையில் வைத்துக்கொண்டு நிறுவை மடுவத்தில் நின்றது அன்றைக்கு மறுபடி ஞாபகம் வந்தது. அளவில்தான் வித்தியாசம்.

பூட்டே பிழை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த மாதமே தலைகீழாக நடந்தது. 2021 ஓகஸ்டில் டெல்டா நோய் பரவி ஒரு நாளைக்கு இருநூறு சாவு வரைக்கும் ஏறியது. ஆஸ்பத்திரி நடைபாதையில் நோயாளர். அப்போது நாட்டைப் பூட்டு என்று கேட்டது சனம், பூட்டமாட்டேன் என்று நின்றது அரசாங்கம். டாக்டர்மார் கேட்டார்கள், தொழிற்சங்கங்கள் கேட்டன, மகாநாயக்க தேரர்கள் கடிதம் எழுதினார்கள். பல ஊர்களில் வியாபாரிகள் உத்தரவுக்குக் காத்திராமல் தாங்களே கடையைப் பூட்டினார்கள். பிறகுதான் ஓகஸ்ட் 20 இரவு பத்து மணிக்கு ஊரடங்கு. ஆகவே தம்பி, சனம் எப்போதும் பூட்டுக்கு எதிரி இல்லை. எது பூட்ட வேண்டிய நேரம் என்று சில வேளை மேலே இருப்பவர்களை விட அதற்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

சீனாவில் 2022 நவம்பர் 24-ஆம் திகதி உரும்ச்சி நகரத்தில் மாடி வீட்டில் தீப்பிடித்துப் பத்துப் பேர் செத்தார்கள். பூட்டி வைத்ததால்தான் தப்ப முடியவில்லை என்று சனம் நம்பியது, அரசாங்கம் மறுத்தது. பல நகரங்களில் வாலிபப் பிள்ளைகள் றோட்டுக்கு வந்தார்கள். எழுதினால் பிடிப்பார்கள் என்று ஒன்றும் எழுதாத வெள்ளைக் கடதாசியைத் தூக்கிப் பிடித்தார்கள். டிசெம்பர் 7-ஆம் திகதி கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். பொரளையில் வெள்ளைத் துணி, அங்கே வெள்ளைக் கடதாசி. நம் கொங்காணித் துண்டையும் அதோடு சேர்த்துச் சொல்லலாம், ஆனால் அதைப் படம் எடுக்க அன்றைக்கு அங்கே ஒருவரும் இல்லை.

அந்தப் பெரியம்மா கதையை முடிக்கவில்லை. அன்றைக்குப் பின்னேரம் வரைக்கும் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பொலிஸ் வரவில்லை, நாங்களும் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஒரு பீப்பாவில் தண்ணியும், ஒரு பெட்டிச் சவுக்காரமும் மேல் கணக்குக்கு ஏறியது. அந்தக் கணக்கில் முதலாம் அலையில் ஒருவருக்கும் நோய் வரவில்லை. சவுக்காரத்தாலா, அதிர்ஷ்டத்தாலா, எங்களுக்குத் தெரியாது.

ஆனால் உட்கார்ந்த நாளுக்குச் செக்ரோலில் விழுந்தது அரைப் பேர். நாற்பது பேருக்கும் அரைப் பேர். முழுப் பேராக்கித் தரச் சொல்லி இரண்டு தரம் எழுதினோம். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதுக்கு, அந்த மாதக் கணக்கு முடிந்துவிட்டது என்று வாயால் பதில் வந்தது. பெரியம்மா 2022-இல் பெயர் வெட்டிக்கொண்டு, இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். தேர் நேரம் கோயிலடியில் கண்டால் சிரித்துக்கொண்டே கேட்பார்: "என்ன ஐயா, நம்ம அரைப் பேரு கெடைச்சிச்சா?"

இன்னும் கிடைக்கவில்லை. அந்தப் பழைய செக்ரோல் கட்டு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறோம். நாற்பது பேரின் சம்பளத் துண்டு யாரிடமாவது இருந்தால், திரும்பிப் போகும்போது பஸ்ஸிலேயே எங்களிடம் பெயர் கொடுங்கள். மூன்றாவது கடிதத்தோடு அதைச் சேர்த்து அனுப்ப வேண்டும்.